வாசம் பார்த்துச் சொன்னவள்

பட்டறைக்கு வந்த வண்டிகளைப் பழுது பார்த்தவர் மெக்கானிக். அவற்றுள் எது அச்சமின்றிச் சாலைக்குத் திரும்பலாம் என்று முடிவு சொன்னவள் அவர் மனைவி. இந்த இரண்டாவது செய்தியை அவர்கள் இருவரைத் தவிர வேறொருவரும் அறியார்.

அவருக்கு 'மோப்பக்காரர்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஏளனமாகத் தொடங்கி மரியாதையாக முடிந்த பெயர் அது. எண்ணெய் கசிந்தால் தரையில் கறை நிற்கும். தண்ணீர் கசிந்தால் சொட்டு விழும். பெட்ரோலோ கசிந்த இடத்திலேயே காற்றாய்ப் போய்விடும். கண் காண்பதற்குள் உலர்ந்துவிடுகிற அதனை மூக்கு ஒன்றே பிடிக்க வல்லது. அவர் வண்டியை ஒருமுறை மெல்லச் சுற்றி வருவார்; ஓரிடத்தில் நிற்பார்; "இங்கதான்" என்பார். அங்கேதான் இருக்கும். பெட்ரோல் குழாயில் சந்தேகம் என்றால் மற்றப் பட்டறைக்காரர்களே அவரிடம் வண்டியை அனுப்பிவைக்கும் அளவுக்கு அந்த மூக்குக்கு ஒரு பெயர் இருந்தது.

பிறகு ஒரு கொடிய காய்ச்சல் வந்தது. படுத்தெழுந்தபோது பசி திரும்பிற்று, கால்களுக்கு வலு திரும்பிற்று, குரல் திரும்பிற்று. மணம் மட்டும் திரும்பவில்லை. ஐம்பொறிகளுள் ஒன்று ஓசையின்றி அவிந்துவிட்டதை அவரே உடனே உணரவில்லை. சமையலறை மேசையருகே அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்த மனைவி வாயிற்படியிலேயே முகத்தைச் சுளித்து நின்றாள்.

"என்னங்க, பால் அடிப்பிடிச்சு வீடே நாறுது. பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறீங்களே?"

"கருகுதா என்ன?"

அவள் அடுப்பை அணைத்தாள். அவர் முகத்தையே சிறிது நேரம் பார்த்தாள். அவரைக் கண்களை மூடச்சொல்லி, நறுக்கிய வெங்காயத்தையும், துணி சோப்பையும், பட்டறையிலிருந்து வந்த அழுக்குத் துணியையும் ஒவ்வொன்றாக அவர் மூக்கின்கீழ் பிடித்தாள். அவர் எதற்கும் பெயர் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது, சின்னப் பிள்ளை விளையாட்டில் தோற்றுவிட்டதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"தொழில் போச்சு," என்றார்.

"ஒண்ணும் போகல. மூக்கு உங்க முகத்துல இருந்தா என்ன, என் முகத்துல இருந்தா என்ன? யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

மறுநாள் முதல் மதியச் சோற்றை அவளே பட்டறைக்கு எடுத்துவந்தாள். அவள் வரும் நேரத்துக்குள் அவர் தரையை ஈரத்துணியால் துடைத்து, பெட்ரோல் தகரங்களை வெளியே வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையும் மாற்றிக்கொள்வார். வண்டியின் வாசத்தோடு வேறு வாசம் கலந்துவிடக் கூடாது. அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி, ஏதோ வீட்டுக்கதை பேசுகிற பாவனையில் வண்டியைச் சுற்றி வருவாள். பிறகு முக்காலியில் அமர்ந்து பாத்திரத்தைத் திறப்பாள். மூடியை நிமிர்த்தி வைத்தால் வண்டியில் கசிவில்லை. கவிழ்த்து வைத்தால் கசிவு உண்டு. எந்த இடம் என்பதைச் சோறு பரிமாறும்போது காதோடு சொல்வாள். சாப்பிட்டு முடித்தபின் அவர் எழுந்து, வண்டியைச் சுற்றி வந்து, மூக்கை உறிஞ்சி, "இங்கதான்" என்பார். பட்டப்பெயர் பழையபடியே நிலைத்தது. பார்க்கப்போனால் அவள் மூக்கு அவருடையதினும் நுட்பமானது. தேங்கிப்போன பெட்ரோலையும் புதுப் பெட்ரோலையும் பிரித்துச் சொல்வாள். ரப்பர்க் குழாய் நைந்து கசிகிறதா, நட்டு தளர்ந்து கசிகிறதா என்று கூடச் சொல்லத் தேறிவிட்டாள்.

இவ்வாறு நான்கு பொறிகளோடு அவரும், இருவருக்குமான ஐந்தாவது பொறியோடு அவளும் இல்லறமும் தொழிலும் நடத்திவந்த நாளில்தான், அந்த மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வரப்பட்டது.

இரண்டே பேர் அமரக்கூடிய, தரையோடு தவழ்கிற, நெடுங்காலம் ஏதோ கொட்டகையில் உறங்கிய வண்டி. அதன் உரிமையாளர் ஒரு பெண் பல் மருத்துவர். பக்கத்துக் கொட்டகையில் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கிற பெயின்ட்காரர், தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

"அண்ணே, இது காரா, கழட்டிப் போட்ட செருப்பா? ஏறணும்னா குனியணுமா, படுக்கணுமா?"

"படுத்துக்கிட்டே ஓட்டுற வண்டிடா. உனக்குத்தான் தோதா இருக்கும்," என்றார் மெக்கானிக்.

பல் மருத்துவர் சிரித்தார். "அண்ணா, என்கிட்ட வர்றவங்க வாயைத் திறந்துட்டு பயந்து நடுங்குவாங்க. இப்ப நான் பானெட்டைத் திறந்துட்டு நடுங்குறேன்."

"பிடுங்கணுமா, அடைச்சா போதுமான்னு பார்த்துச் சொல்றேன் டாக்டரம்மா."

வண்டிக்கு அடியில் போனவர் வெளியே வரும்போது அவர் நெற்றியிலும் புருவத்திலும் துருத்தூள் படிந்திருந்தது. "பிடுங்கணும்," என்றார்.

பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து கிளம்பி, வண்டியின் அடிவயிற்றை ஒட்டி ஓடி, முன்புறத்துப் பம்பில் முடிகிற நீண்ட இரும்புக் குழாய் அது. மேலுக்கு முழுமையாகத் தெரிந்தாலும், விரல் பட்ட இடமெல்லாம் செதிலாக உதிர்ந்தது. கிளிப்புகள் கவ்விய இடங்களில் ஈரம் தங்கி, உள்ளுக்குள்ளேயே அரித்துத் தின்றிருந்தது. அப்படிப்பட்ட குழாயை ஒட்டுப்போட முடியாது. முழுதாகக் கழற்றி, அதனையே அச்சாக வைத்துப் புதிய குழாயை வளைக்க வேண்டும்.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. பழைய குழாயை உடையாமல் எடுப்பதே, உறங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பது போன்ற வேலை. அதை நீண்ட மேசைமீது கிடத்தி, செம்பும் நிக்கலும் கலந்த புதுக் குழாயை அருகே வைத்து, வளைவுக்கு வளைவு ஒப்பிட்டு வளைத்தார். குழாயின் முனையைக் கருவியில் கவ்வி, அதன் வாயைக் குடைபோல் விரித்து, விரித்ததை உட்புறம் மடித்தார். இவ்வளவும் செய்து முடித்தபின், நட்டைக் குழாயில் முன்னதாகக் கோக்க மறந்துவிட்டதைக் கண்டார்; விரிந்த வாயின் வழியே இனி நட்டு ஏறாது. விரித்த வாயை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

"சட்டையைத் தைச்சு முடிச்சு கழுத்துக்கு ஓட்டை விட மறந்த கதையா இருக்குண்ணே," என்றார் பெயின்ட்காரர்.

"போய் உன் டப்பாவைக் கிளறு. பெயின்ட் காயப் போவுது."

புதிய குழாய் வண்டியின் அடியில் ஏறி அமர்ந்தது. பழைய பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழுவி, புதியது ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டார். எஞ்சின் இருமிற்று, கனைத்தது, பிறகு சீரான குரலில் ஓடிற்று. வழக்கம்போல் கையைக் கழுவி, சட்டை மாற்றிக் காத்திருந்தார். மனைவி வந்தாள், சுற்றினாள். பின்சக்கரத்தின் அருகே நின்றாள். கண்கள் எங்கோ தொலைவில் பதிந்தன. தொண்டை ஏதோ விழுங்குவதுபோல் அசைந்தது. இடக்கை விரல்கள் சேலை முந்தானையின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தன. அவ்வளவு ஊன்றி அவள் வாசம் பார்த்து அவர் கண்டதில்லை. பெரிய வேலையென்பதால் இவ்வளவு கவனம் என்று எண்ணி, உள்ளூர அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் மூடியைக் கவிழ்த்து வைத்தாள்.

"எங்க?" என்றார், சோற்றைப் பிசைந்தபடி.

"இடம் சரியா சொல்லத் தெரியலங்க. ஆனா வருது. பெட்ரோல்தான், கொஞ்சம் தீஞ்சாப்புல."

தீய்ந்த வாசம் என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. எங்கோ ஒரு துளி கசிந்து, சூடான புகைக்குழாயின்மேல் விழுகிறது. அன்றே டேங்க்கருகிலுள்ள இணைப்பை அவிழ்த்துப் புதிதாகச் செய்தார். மறுநாளும் மூடி கவிழ்ந்தது. பம்பின் இணைப்பை மாற்றினார். மூடி மறுபடியும் கவிழ்ந்தது. ரப்பர்த் துண்டுகளை எல்லாம் மாற்றினார், வடிகட்டியை மாற்றினார், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் இரண்டு கார்புரேட்டர்களையும் பிரித்து உள்ளே இருந்த பழைய காகித வளையங்களை எறிந்தார், புகைக்குழாயிலிருந்து இன்னும் விலகி ஓடும்படி குழாயையே வேறு வழியில் வளைத்துப் பொருத்தினார். சில நாள் மூடி நிமிர்ந்திருக்கும். அவர் பெருமூச்சு விட்டுப் பல் மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப நினைப்பார். அடுத்த மதியம் அது கவிழ்ந்துகிடக்கும்.

"அண்ணா, என் வண்டிக்கு பல் செட்டே கட்டியிருக்கலாம் போல," என்று பல் மருத்துவர் வந்து பார்த்துப் போனார். சிரிப்பில் சலிப்பும் கலந்திருந்தது.

பெயின்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, உண்மையைச் சொல்லு. வண்டியைத் திருப்பிக் கொடுக்க மனசில்லையா? மாலையிட்டுக் கட்டிக்கப் போறியா?"

மெக்கானிக் மறுபடியும் வண்டிக்கு அடியில் போனார். கசிவு இருந்தது, அவள் சொன்னாள். அவள் சொல்லிப் பிழையானதே இல்லை. பிழை தம் கையில்தான் என்று நம்பினார். வயதாகிறது, கை நடுங்குகிறது, விரிக்கும் வாய் ஒருபக்கம் சாய்கிறது போலும் என்று தம்மையே நொந்துகொண்டார். வேறொருவரை அழைத்து, 'கொஞ்சம் முகர்ந்து பார்' என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். மோப்பக்காரர் இன்னொருவன் மூக்கைக் கடன் கேட்பதா என்று அந்தச் சொல் அவர் தொண்டையைத் தாண்டவில்லை.

வீட்டிலும் அவளுக்கு அந்த வாசம் வந்துகொண்டிருந்தது. அவர் சட்டைகளில் ஒட்டி வருகிறது என்று அவள் அவற்றை இரண்டு முறை துவைத்தாள். அப்படியும் போகவில்லை என்று அலுத்துக்கொண்டாள். தலைவலி என்று பிற்பகலில் படுத்துக்கொள்வதும், பேசிக்கொண்டே இருக்கையில் ஒரு சொல்லுக்காகத் தடுமாறி, கரண்டியைக் காட்டி "அது... அந்த அது" என்பதும் அவர் கண்ணில் படாமலில்லை. களைப்பு என்றெண்ணினார்.

இறுதியில் ஒருநாள், எல்லாவற்றையும் ஆதியிலிருந்து தொடங்குவது என்று முடிவுகட்டி, காலையிலேயே டேங்கை இறக்கி, வெல்டிங் கடைக்காரரிடம் சோதிக்க அனுப்பிவிட்டார். குழாயை முழுதும் கழற்றினார். பம்பையும் கார்புரேட்டர்களையும் எடுத்துக் காற்றடித்து, வீட்டு மாடியில் வெயிலில் உலர்த்த வைத்தார். வண்டியின் அடிவயிறு வெற்றாக இருந்தது. அதில் ஒரு துளி பெட்ரோல் இல்லை. அது ஓடுவதற்கான வழியும் இல்லை.

மதியம் மனைவி வந்தாள். வண்டியில் என்னென்ன இல்லை என்பதை அறிய அவள் குனிந்து பார்ப்பதில்லை. வழக்கம்போல் சுற்றி வந்தாள். அதே இடத்தில் நின்றாள். அதே தொலைவுப் பார்வை. தொண்டை அசைந்தது. விரல்கள் முந்தானையைக் கிள்ளின. பிறகு அமர்ந்து மூடியைக் கவிழ்த்தாள்.

"இன்னைக்கு ரொம்ப வருதுங்க," என்றாள்.

அவர் கையிலிருந்த சோற்றுருண்டை கையிலேயே நின்றது. வண்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தாம் இத்தனை நாளும் கவனம் என்று எண்ணிப் பெருமைப்பட்ட அந்த வெறித்த பார்வை, அந்த விழுங்கல், அந்த விரல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வேறு உருவம் கொண்டு அவர்முன் வந்து நின்றன. ஆயினும் குரலைச் சமன்செய்துகொண்டார்.

"சரி, பார்க்கிறேன்," என்றார். "நீ சாப்பிட்டியா?"

அவள் சென்றதும் பக்கத்துக் கொட்டகைக்குப் போனார். பெயின்ட்காரர் ஒரு கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வந்து, என் பட்டறைக்குள்ள பெட்ரோல் வாசம் வருதான்னு பாரேன்."

"என்னண்ணே கிண்டலா? மோப்பக்காரரு வந்து பெயின்ட்காரன் மூக்கைக் கேக்குறாரு. தின்னர் அடிச்சு அடிச்சு என் மூக்கு என்னைக்கோ ரிட்டயர் ஆயிடுச்சு."

"வந்து பாருடா."

அந்தக் குரலைக் கேட்டதும் பெயின்ட்காரர் தாளைக் கீழே வைத்தார். வந்து மூலைமூலையாக முகர்ந்தார். தரையில் மண்டியிட்டு வண்டியின் அடியிலும் முகர்ந்தார்.

"சோப்பு வாசம் வருது. உங்க வீட்டுச் சாம்பார் வாசம் வருது. பெட்ரோல் இல்லண்ணே. ஏன், உனக்குத் தெரியலையா?"

"எனக்கு எதுவுமே தெரியாதுடா. ரொம்ப நாளாச்சு. அவதான் எனக்கு மூக்கு."

பெயின்ட்காரர் தூரிகையைக் காதிலிருந்து எடுத்து, மீண்டும் காதிலேயே செருகிக்கொண்டார். "அண்ணிக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை வண்டியைப் பற்றிக் கேட்க வந்த பல் மருத்துவரிடமும் அவர் மறைக்கவில்லை. மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது. அவர் சொன்னதையெல்லாம் கேட்டபோது பல் மருத்துவரின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கிப் போயிற்று.

"அந்த நேரத்துல கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாங்களா?"

"கூப்பிட்டதில்லைம்மா. வாசம் பார்க்கிறப்ப தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பேசாம இருப்பேன்."

பல் மருத்துவர் தம் நகங்களைப் பார்த்துக்கொண்டார். "இது என் படிப்பு இல்லண்ணா. தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. வண்டியை மறந்துருங்க."

தலைவலிக்கு ஒரு பரிசோதனை என்று சொல்லி அழைத்துப் போனார். நீண்ட தாழ்வாரத்தில் அவளை நாற்காலியில் அமர்த்திவிட்டு, அவரை மட்டும் உள்ளே அழைத்தார்கள். வெளிச்சப் பலகையில் அவள் தலையின் படம் ஒட்டியிருந்தது. மருத்துவர் பேனா முனையால் ஒரு வெண்மையான இடத்தைச் சுற்றிக் காட்டினார். அதுதான் இல்லாத வாசத்தை உண்டாக்குகிறது என்றார். அதன் பக்கத்தில்தான் பேச்சு இருக்கிறது என்றார்.

"எடுத்துரலாமா சார்?"

"எடுக்கலாம். முழுசா எடுக்க முடியாது. எழுந்திரிச்சதும் பேச்சு எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது. எவ்வளவு காலம்னும் சொல்ல முடியாது. எப்பலேருந்து இந்த வாசம் வருது?"

அவர் விழித்தார். அந்த மஞ்சள் வண்டி வந்த நாளிலிருந்து என்று சொல்ல வாயெடுத்தார். "கொஞ்ச நாளா," என்றார். பிறகு, "முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டார்.

"அப்படியெல்லாம் கணக்குப் பார்க்காதீங்க," என்றார் மருத்துவர். இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதை மெக்கானிக் கவனித்தார்.

வேறு ஊரில் வேலைபார்க்கும் மகளுக்குத் தாழ்வாரத்தின் கோடியில் நின்று தொலைபேசினார். அவள் அழுது முடிக்கும்வரை காதிலிருந்து எடுக்காமல் நின்றார். "அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்கப்பா. நான் வர்றேன், நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன்," என்றாள். அவரும் இசைந்தார். உண்மையில் அந்த இசைவு அவருக்கு ஓர் அடைக்கலமாக இருந்தது. தம் வாயால் அதைச் சொல்லவேண்டிய வேளை தள்ளிப்போயிற்று.

"நரம்புத் தளர்ச்சியாம்," என்று மனைவியிடம் சொன்னார். "கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில இருந்து மருந்து ஏத்திக்கணுமாம்."

"வண்டி?"

"வண்டிக்கென்ன இப்ப?"

"அந்தம்மா எத்தனை நாளா நடக்கிறாங்க. அதை முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் நான் படுப்பேன். கசிவை வச்சுக்கிட்டு அனுப்பிடாதீங்க. தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?"

ஆகவே அவர் பட்டறைக்குத் திரும்பினார். டேங்கை ஏற்றினார். குழாயைப் பொருத்தினார். தாம் அதுவரை செய்தவற்றிலெல்லாம் செம்மையானவை அந்த இணைப்புகள். ஒவ்வொரு நட்டையும் இறுக்கும்போது, இது கசிந்துவிடாதா, இந்த நட்டிலாவது குற்றம் இருந்துவிடாதா, அவள் சொன்னதெல்லாம் மெய்யாகிவிடாதா என்று அவர் மனம் தவித்தது. கசியாத குழாய்க்காக வாழ்நாள் முழுதும் உழைத்தவர், ஒரு கசிவுக்காக இறைவனை வேண்டிக்கொண்டே வேலை செய்தார். வேண்டுதல் பலிக்கவில்லை. எஞ்சின் ஓடியபோது பெயின்ட்காரர் ஒருபுறமும் பல் மருத்துவர் மறுபுறமும் குனிந்து முகர்ந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று தலையசைத்தார்கள். இருவர் முகத்திலும் வேலை முடிந்த மகிழ்ச்சி இல்லை.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய நாள் மதியம் அவள் வந்தாள். சோறு கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியும் கொண்டுவந்திருந்தாள்.

"வாங்க அண்ணி," என்றார் பெயின்ட்காரர். "உங்க வீட்டுக்காரர் இந்த வண்டிக்கு இன்னும் பேர் மட்டும்தான் வைக்கல."

"வச்சாலும் வைப்பாரு. எம் பேரைத் தவிர எல்லாம் ஞாபகம் இருக்கும் இவருக்கு," என்று சிரித்தாள் அவள். பல் மருத்துவரும் சிரிக்க முயன்றார்.

அவள் வண்டியைச் சுற்றத் தொடங்கினாள். மூவரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றார்கள். பின்சக்கரத்தின் அருகே அவள் கால்கள் நின்றன. பார்வை தொலைவுக்குப் போயிற்று. மெக்கானிக் இம்முறை மெல்ல அவளை அழைத்தார். அவள் திரும்பவில்லை. மீண்டும் அழைத்தார். விரல்கள் முந்தானையைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. பிறகு நெடுந்தூரம் போய்வந்தவள்போல் இமைத்து, முக்காலிக்கு வந்து, பாத்திரத்தின் மூடியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னும் இருக்குங்க," என்று காதோடு சொன்னாள். அவள் கண்களில் கலக்கம் இருந்தது. "எத்தனை தடவை செஞ்சீங்க. என்னாலதான் இடத்தைச் சொல்ல முடியல. என் மூக்கு கெட்டுப்போச்சா?"

"உன் மூக்கா? அது கெடுமா?" என்றார் அவர். எழுந்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, பலகைமேல் படுத்து வண்டிக்கு அடியில் போனார்.

அடியில் எல்லாம் உலர்ந்து, தூய்மையாக, பளபளவென்று இருந்தது. டேங்கருகே இருந்த நட்டில் ஸ்பேனரை வைத்தார். சிறிது நேரம் அப்படியே கிடந்தார். பிறகு அதைத் தளர்த்தினார். பெட்ரோல் ஊறி வந்து அவர் விரல்களில் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கிற்று. மீண்டும் இறுக்கினார். வெளியே வந்து, நனைந்த கையை அவள்முன் நீட்டினார்.

"நீ சொன்னதுதான் சரி. டேங்க் நட்டுல கசிஞ்சிருக்கு. பாரு, கையெல்லாம் ஈரம். இப்ப இறுக்கிட்டேன்."

அவள் முகம் தெளிந்தது. "பார்த்தீங்களா!" என்று பெருமையோடு அவர் கையைப் பற்றித் தன் முகத்தருகே கொண்டுபோனாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

இழுத்த மூச்சை அவள் உடனே விடவில்லை. மறுபடியும் முகர்ந்தாள். விரல்களை, பிறகு உள்ளங்கையை, பிறகு மணிக்கட்டை. தெளிந்த முகத்தில் ஏதோ மெல்லக் கலைந்தது.

"என்னங்க."

"ம்."

"இது பெட்ரோல்."

"ஆமா."

"எனக்கு வந்தது இது இல்லைங்க. அது வேற."

தெருவில் ஏதோ வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு கடந்தது. அவள் பெயின்ட்காரரைப் பார்த்தாள். அவர் தம் கையிலிருந்த வண்ணக்கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பல் மருத்துவரைப் பார்த்தாள். அவர் கண்கள் நிறைந்திருந்தன. கடைசியாகக் கணவரைப் பார்த்தாள்.

"நீங்களே அவுத்தீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"நரம்புத் தளர்ச்சின்னீங்க." குரலில் கோபம் இல்லை. சமையலறையில் அன்றொருநாள் வெங்காயத்தை அவர் மூக்கின்கீழ் பிடித்தபோது இருந்த அதே நிதானம் இருந்தது. "தலைக்குள்ளதானே? எதுவோ இருக்கு."

அவர் தலையசைத்தார். இரண்டு முறை அசைத்தார், முதலசைவை அவள் காணாமல் போயிருப்பாளோ என்பதுபோல்.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"வந்துக்கிட்டிருக்கா. அவதான் சொல்றேன்னா."

அவள் பல் மருத்துவரை நோக்கித் திரும்பினாள். "டாக்டரம்மா, வண்டி நல்லா இருக்கு. கசிவு எதுவும் இல்ல. எடுத்துட்டுப் போங்க," என்றாள். முதல்முறையாக அதைத் தன் வாயாலேயே, எல்லாரும் கேட்கச் சொன்னாள்.

பல் மருத்துவர் வண்டியில் ஏறியமர வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எஞ்சின் ஓடிற்று. பெயின்ட்காரர் முன்னே நடந்துபோய்ச் சாலையில் வண்டி வருகிறதா என்று பார்த்துக் கையசைத்தார். மஞ்சள் நிறம் வாசலைக் கடந்து திரும்பிற்று. பெயின்ட்காரர் திரும்பி வராமல் அப்படியே தம் கொட்டகைக்குள் போய்விட்டார்.

மெக்கானிக் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போகப்பார்த்தார். அவள் அவர் கையை விடவில்லை.

"இருங்க, கழுவாதீங்க."

"நாத்தம்டி. சாப்பிடணும்ல?"

"பரவாயில்ல. இன்னொரு தடவை காட்டுங்க. நிஜ வாசம் எப்படி இருக்கும்னு பார்த்து வச்சுக்கறேன். அது வரும்போது இது இல்லைன்னு எனக்குத் தெரியணும்."

அவர் கையை நீட்டினார். அவள் கண்களை மூடிக்கொண்டு, அந்த விரல்களின்மேல் முகத்தைச் சாய்த்து, மெல்ல மெல்ல மூச்சிழுத்தாள். அவர் பெட்ரோல் பட்டிருந்த தம் இன்னொரு கையையும் அவசரமாக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் மூச்சின் சூடு மட்டும் விரலிடுக்குகளில் வந்து வந்து போயிற்று.